தண்டல், டீ குடிக்கியளா?

பிப்ரவரி 11, புதன்
காற்று: வாடை, லேசு.

கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். பெர்ப்பெத்துவிடம் ரேஷன் கடைக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். வெறும் பையோடு திரும்பி வந்து, சீனி இன்னும் வரவில்லையாம் என்றும் சொன்னேன். கட்டினவளிடம் இந்த வயதில் இப்படிப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொன்னார்கள். "வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்குங்க தாத்தா" என்றாள் அங்கிருந்த பெண். பாதிப் புள்ளிகளை அந்த மெஷின் போடவே இல்லை. ரிப்பேராக இருக்கும் என்று அவளிடமே சொன்னேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. பக்கப் பார்வை போய்விட்டதாம், நேர் எதிரே இருப்பது மட்டும்தான் மிச்சமாம், போனது இனி வராதாம். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். வண்டி ஓட்டுவீர்களா என்று கேட்டார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்றேன். அது சத்தியம். படகைப் பற்றி அவர் கேட்கவில்லை.

மருந்தை ஃபிரிட்ஜில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 14, சனி
காற்று: வாடை, நல்ல காற்று.

நாளைக்குக் கடலுக்குள் இருக்கிற மணல் திட்டுக்குப் போகிறோம். புதன்கிழமை தவக்காலம் பிறக்கிறது. அதற்கு முன்னால் ஒருநாள் கறியும் சோறும் கட்டிக்கொண்டு கடலுக்குப் போவது பழைய துறையில் கூடும் கிழவர்களின் வழக்கம். கிழவர்கள் என்றால் மூன்றே பேர். நான், கஸ்பார், மரைக்காயர். மரைக்காயர் துறைமுகத்தில் லாஞ்சு ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவருக்கு நோன்பும் கிட்டத்தில் வருகிறது, அதனால் எங்களைவிட அவருக்குத்தான் அவசரம். அவருடைய ஃபைபர் படகும் கஸ்பாருடைய 'விண்ணரசி' வள்ளமும் ஒரே கட்டையில் கட்டிக் கிடக்கின்றன.

எனக்குப் படகு கிடையாது. முப்பது வருஷம் சரக்குத் தோணி ஓட்டினேன், கொழும்புக்கும் மாலத்தீவுக்கும். தோணியில் தண்டல் என்றால் கப்பலில் கேப்டன். சென்னையில் என் மருமகள் வீட்டார், சம்பந்தி தண்டல் என்றதும் வட்டிக்கு விடுகிறவன் என்று நினைத்துப் பயந்துபோனார்கள். இந்தத் துறையில் அந்தக் குழப்பம் இல்லை. 'பார் தொடாத தண்டல்' என்றால் சின்னப் பிள்ளையும் என் வீட்டைக் காட்டும். தண்ணீருக்கு அடியில் பாறை கிடக்கிற இடத்தைத்தான் பார் என்போம். என் காலத்தில் ஒரு தடவைகூட என் தோணி பாரில் உரசியதில்லை. இதைப் பீற்றிக்கொள்வதற்காக எழுதவில்லை.

கஸ்பார் என் தோணியில் வேலை பார்த்தவன். வள்ளம் அவனுடையதுதான், ஆனாலும் நான் ஏறினால் சுக்கானை விட்டு எழுந்துவிடுவான். நான் கேட்டதும் இல்லை, அவன் சொன்னதும் இல்லை. அது அப்படித்தான். அவனிடம் ஒரே ஒரு தொல்லை, டீ. அந்தக் காலத்திலிருந்தே நட்டநடுக் கடலில், அலை அடிக்கிற நேரமாகப் பார்த்து, "தண்டல், டீ குடிக்கியளா?" என்று வந்து நிற்பான். இவ்வளவு டீ குடித்த தண்டல் இந்தக் கடற்கரையிலேயே இருக்கமாட்டான்.

பிப்ரவரி 15, ஞாயிறு

பூசை முடிந்து திட்டுக்குப் போய்வந்தோம். வருகிற வழியில் வள்ளம் பாரில் தட்டிவிட்டது. கஸ்பார் மனைவி எமல்தாவுக்குக் கையில் அடி. சுக்கான் ஆணி கழன்றுவிட்டது என்று கஸ்பார் சொன்னான்.

பிப்ரவரி 16, திங்கள்
காற்று: பார்க்கவில்லை.

நேற்று எழுதியதை எடுத்துப் படித்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. கஸ்பார் சொன்னான் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

நல்ல நாளாகத்தான் இருந்தது. அதையாவது ஒழுங்காக எழுதலாம். எங்கள் வள்ளத்தில் நாலு பேர். நான், பெர்ப்பெத்து, கஸ்பார், எமல்தா. மரைக்காயரும் அவர் வீட்டம்மாவும் அவர்கள் படகில் கூடவே வந்தார்கள். திட்டு ஓரமாக நங்கூரம் போட்டு இரண்டு படகையும் சேர்த்துக் கட்டினோம். எமல்தா தேங்காய்ச் சோறும் ஆட்டுக்கறியும் கொண்டுவந்திருந்தாள். மரைக்காயர் வீட்டம்மா வட்டலப்பம் கொண்டுவந்திருந்தார்கள், அதைப் பெர்ப்பெத்து எனக்குத் தெரியாமல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். மரைக்காயர் தூண்டில் போட்டு ஒரு விளமீனும் பிடிக்காமல், கடலில் மீனே இல்லை என்று சொல்லிவிட்டார். "மீனும் ரிட்டயர் ஆயிட்டு பாய்" என்றான் கஸ்பார். சாயங்காலம் வரைக்கும் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

திரும்பும்போது நான் சுக்கானில். கோயில் கோபுரத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மறைகிற மாதிரி பிடித்துக்கொண்டு வந்தால், பார் இடதுபக்கம் விலகிவிடும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். கோபுரம் நன்றாகத் தெரிந்தது. தொட்டியும் அதற்குப் பின்னால் சரியாக மறைந்தது. ஆனால் அது வேறு தொட்டியாம். பக்கத்தில் புதிதாக ஒன்று கட்டியிருக்கிறார்களாம்.

கஸ்பார் வந்து டீ குடிக்கியளா என்று கேட்டான். வேண்டாம்டே என்றேன். மறுபடியும் கேட்டான். மூன்றாவது தடவை கேட்டபோது எனக்குக் கோபம் வந்து, "பேசாம உக்காருல, வாய் ஓயாதா ஒனக்கு" என்றேன். அப்போதுதான் தட்டியது. முன்பக்கம் நின்றிருந்த எமல்தா கறிச்சட்டியோடு விழுந்தாள்.

கை வலிக்கிறது. மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

எமல்தாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்கிறது. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள்.

நேற்று எழுதாத மிச்சம் இதுதான்.

மரைக்காயர் படகைத் திருப்பிக்கொண்டு எங்களை இழுக்க வந்துகொண்டிருந்தார். கஸ்பார் குனிந்து, சுக்கான் ஆணியைத் தன் கையால் உருவித் தண்ணீரில் போட்டான். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான். மரைக்காயர் கிட்டே வந்ததும், "என்ன வே, பார் தொடாத தண்டல் கையிலயா இப்படி?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கஸ்பார், "தண்டல் என்ன செய்வாக பாய், ஆணி கழண்டுட்டு. காலைல முடுக்கணும்னு நெனச்சேன், மறந்துட்டேன்" என்றான்.

'நான் வாயைத் திறப்பதற்குள்' என்று எழுதியிருக்கிறேன். அதற்கப்புறம் கரை வந்து சேர எவ்வளவோ நேரம் இருந்தது. நான் திறக்கவில்லை.

பிப்ரவரி 18, புதன்
காற்று: வாடை.

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளக் கோயிலுக்குப் போனோம். வரிசையில் எனக்கு முன்னால் கஸ்பாரும் அவன் மகள் மெலிட்டாவும் நின்றார்கள். மெலிட்டா நர்சு, அதட்டிப் பேசிப் பழகினவள். கோயிலுக்கு வெளியே வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டே அப்பனை ஏசினாள்.

"ஒரு ஆணிய முடுக்கத் துப்பில்ல, ஒங்களுக்கெல்லாம் எதுக்குப்பா படகு? அம்மா தலையில அடிபட்டிருந்தா என்ன பண்ணியிருப்பிய? வேம்பார்க்காரர் ஒருத்தர் கேக்காரு, வித்துடப் போறேன்."

கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டு, "சரி தாயீ" என்றான். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டு, "வாங்க தண்டல், கண்ணு ஏன் செவந்திருக்கு, தூங்கலியா?" என்று கேட்டான். அவள் என் பக்கம் திரும்பி, "நீங்களாவது சொல்லுங்க மாமா இவருக்கு" என்றாள்.

நான் சொன்னது: "பாத்து இருக்கணும்ல கஸ்பார்."

இதை எழுதும்போது என் முகத்தில் நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது. பேசாமல் இருந்தது ஒன்று. அவனுக்குப் புத்தி வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், நெற்றியில் சாம்பலோடு.

பிப்ரவரி 20, வெள்ளி

மீன் வாங்கினேன். வீட்டில் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றது மீனைப் பற்றி அல்ல.

பிப்ரவரி 22, ஞாயிறு
காற்று: விழுந்துவிட்டது.

எமல்தாவைப் பார்க்கப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு, அவளிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். கஸ்பார் துறைக்குப் போயிருந்தான். விற்கப்போகிற படகைப் போய் என்ன பார்க்கிறானோ.

கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சமையல் எல்லாம் கஸ்பார்தானாம். "உப்பு போட்டா காரம் மறந்துருது அவுகளுக்கு" என்று சிரித்தாள். நான் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "நீ ஏம்மா அந்த நேரத்தில எந்திரிச்ச? உக்காந்திருந்தா அடிபட்டிருக்காதே" என்றேன். பழியில் கொஞ்சத்தை அவள் தலையில் வைக்கப் பார்த்தேனோ என்னவோ.

"மூணு தரம் டீ கேட்டாகள்ல" என்றாள் எமல்தா. "ரெண்டு தரத்துக்கு மேல அவுக கேட்டதே கெடையாது. எனக்கு ஈரக்கொலை நடுங்கிட்டு. அதான் எந்திரிச்சேன்."

"டீக்கா நடுங்குச்சு?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நான் நெனச்சேன் அண்ணே" என்றாள்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். நான் தண்டல் ஆன புதிதில், பொன்சியான் என்று ஒருவன், பார் கிட்ட வருது தண்டல் என்று எல்லார் முன்னாலும் கத்தினான். அவனைக் கொழும்பிலேயே இறக்கிவிட்டுவிட்டு வந்தேன். அது எனக்கு நினைவிருக்கிறது. சுக்கானில் நிற்கிறவனுக்கு வழி சொல்லக்கூடாது என்பது தோணியில் சட்டம் என்று அன்று சொன்னேன். அதற்கப்புறம் யாரும் எனக்கு வழி சொல்லவில்லை. ஆனால் கஸ்பார் டீ கேட்க ஆரம்பித்திருக்கிறான். டீ வாங்க நான் திரும்புவேன். திரும்பினால் தலையைத் தூக்குவேன். தூக்கினால் பாரும் கண்ணில் படும். அப்புறம் நானே கண்டுபிடித்த மாதிரி சுக்கானைத் தள்ளுவேன். தோணியில் இருந்த எல்லாருக்கும் இது தெரியும். அவர்கள் பெண்டாட்டிமாருக்கும் தெரியும்.

"அவுக ஒங்கள ஒண்ணும் கொறச்சலா நெனைக்கல அண்ணே. நல்ல தண்டல், கொஞ்சம் டீ குடுக்கணும், அவ்வளவுதான்னு சொல்லுவாக" என்றாள்.

ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். சொல்லப் போனதைச் சொல்லவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

தூக்கம் இல்லை. குடித்த டீயையெல்லாம் எண்ணிப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கொழும்பு முனையில் மழையில் ஒரு டீ. மாலத்தீவில் உள்ளே நுழையும்போது ஒன்று. அந்தத் தடவை தோணி முதலாளி எல்லார் எதிரிலும் என் தோளில் கைபோட்டு, ஜெரோம் மிராந்தா மாதிரித் தண்டல் இனிமேல் பிறந்துதான் வரணும் என்றார். கஸ்பார் அப்போது பின்னால் நின்று டம்ளர் கழுவிக்கொண்டிருந்தான்.

காலையில் பெர்ப்பெத்துவிடம் கேட்டேன். "ஒனக்கும் தெரியுமா?"

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்ன தெரியுமா? டீயா, கண்ணா?"

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"ஊறுகா பாட்டில நான் தெனமும் எடுக்கேன். அதுக்குப் பின்னால என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? டம்ளருக்கு வெளிய காப்பிய ஊத்துதிய, நான் தொடச்சுட்டுப் போறேன். நீங்களா சொல்லுவியன்னு இருந்தேன்." கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அன்னைக்கு மூணாவது டீ கேட்டப்போ நான் பலகையக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். எமல்தா ஒங்களுக்குச் சொல்லலாம்னு எந்திரிச்சா. எந்திரிச்சவளுக்குக் கை ஒடிஞ்சுட்டு."

"நீ ஏன் சொல்லல?"

"சொன்னா கேக்கிற ஆளா நீங்க?"

கோபத்தில் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். இத்தனை பேர் என்னைப் பார்த்துப் பயந்து பயந்து நடந்திருக்கிறார்கள். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தெரியவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்
காற்று: கொண்டல், லேசு.

வேம்பார்க்காரர் இன்று படகு பார்க்க வருகிறார் என்று மரைக்காயர் சொன்னார். விண்ணரசி போய்விட்டால் கஸ்பார் என்ன செய்வான்? விடியற்காலம் எழுந்து அவன் போவதற்கு அந்தக் கட்டையைத் தவிர வேறு இடம் கிடையாது. சும்மா தண்ணீர் இறைப்பான், துடைப்பான், கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுவான், வீட்டுக்கு வருவான். அவன் நாள் அதுதான்.

கொல்லுப் பட்டறைக்குப் போய் சுக்கானுக்கு ஒரு ஆணி அடித்து வாங்கிக்கொண்டு துறைக்குப் போனேன். எல்லாரும் அங்கே இருந்தார்கள். வேம்பார்க்காரர் வள்ளத்துக்குள் இறங்கிப் பலகையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மெலிட்டா கரையில் நின்றாள். கஸ்பார் அவிழ்த்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான். மரைக்காயர் அவர் படகில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஆணியை மெலிட்டா கையில் கொடுத்தேன். "பழைய ஆணி தானா கழலல தாயீ. ஒங்கப்பன் உருவிக் கடல்ல போட்டான். சுக்கான் நல்லாத்தான் இருந்துச்சு. பார்ல ஏத்தினது நான்தான். எனக்குப் பக்கவாட்டுல கண்ணு தெரியாது. டாக்டர் சொல்லியிருந்தாக. தெரிஞ்சேதான் பிடிச்சேன்."

நான் நினைத்ததைவிடச் சீக்கிரமாகச் சொல்லி முடித்துவிட்டேன். வேம்பார்க்காரர் பலகையைத் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

மெலிட்டா முதலில் அப்பன் பக்கம்தான் திரும்பினாள். "ஏம்ப்பா பொய் சொன்னிய?"

"தண்டல் சுக்கான்ல இருந்தாக" என்றான் கஸ்பார். அவனுக்கு அது போதுமான பதிலாக இருந்தது.

பிறகு அவள் என்னைப் பார்த்தாள். "எங்கம்மா கையத் தொங்கப்போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. நான் எங்கப்பாவை வாய்க்கு வந்தபடி ஏசிட்டு இருக்கேன். கோயில் வாசல்ல நீங்களும் சேந்து புத்தி சொன்னிய. இத்தனை நாளா எங்க மாமா இருந்திய?"

"வீட்டுலதான் இருந்தேம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல.

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. வேம்பார்க்காரரைப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்க, இது விக்கிறதுக்கு இல்ல" என்று சொன்னாள். என்னிடம், "எங்கப்பா ஓட்டட்டும். நீங்க இனிமே சுக்கானைத் தொடக்கூடாது" என்றாள். சரி தாயீ என்றேன். அன்று கஸ்பார் சொன்ன அதே குரல் எனக்கும் வந்தது.

எல்லாரும் போனபிறகு கஸ்பார் என்மேல் பாய்ந்தான். அவன் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. "எதுக்குச் சொன்னிய? படகு போனா மயிராச்சு. பாய் கேட்டுட்டு இருந்தாரு, நாளைக்குத் துறை பூரா பேசும். பார் தொடாத தண்டல்னு சொல்லுத வாயெல்லாம் என்ன சொல்லும்?"

"தொட்டுட்டேம்லடே" என்றேன். "கஸ்பார், டீன்னு கேக்காம, பாருன்னே சொல்லியிருக்கலாம்ல?"

கயிற்றைக் கட்டையில் கட்டி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னான். "சொல்லியிருந்தா என்னையும் கொழும்புல எறக்கி விட்டிருப்பியள்ல?"

ஆமாம் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

மார்ச் 9, திங்கள்

துறைக்குப் போகவில்லை. கூச்சமாக இருக்கிறது. மருந்தை இப்போது ஊறுகாய்க்கு முன்னால் வைத்திருக்கிறேன். பெர்ப்பெத்துதான் ஊற்றிவிடுகிறாள். கண்ணுக்குள் விழுவதைவிடக் கன்னத்தில் விழுவது அதிகம்.

மார்ச் 29, ஞாயிறு

குருத்தோலை. கோயிலில் மரைக்காயரைப் பற்றிப் பேச்சு வந்தது, என் விஷயத்தை அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். கஸ்பார்தான் சொன்னான். அதைச் சொல்லிவிட்டு, "அடுத்தாப்புல ஈஸ்டர் முடிஞ்சதும் திட்டுக்குப் போறோம். நீங்க வரலன்னா நானும் போகல" என்றான்.

ஏப்ரல் 12, ஞாயிறு
காற்று: கொண்டல், இதமாக.

போய்வந்தோம். அதே திட்டு, அதே ஆட்கள். எமல்தாவுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. கை இன்னும் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது. நான் அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் அவள் அதைச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள்.

நான் ஏறியதும் கஸ்பார் பழக்கத்தில் எழுந்துவிட்டான். "உக்காருடே" என்றேன். உட்கார்ந்தான், பாதி பலகையில், யாரோ எழுப்பிவிடப் போகிற மாதிரி. போகிற வழியெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். நான் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்குத் தெரிகிற அளவு கடல் எனக்குப் போதும் என்று இன்னும் பழகவில்லை.

சாப்பிட்டு முடித்துத் திரும்பும்போது, பிளாஸ்கை நான் எடுத்துக்கொண்டேன். டம்ளருக்குள் ஒரு விரலை விட்டு, சூடு படுகிற வரைக்கும் ஊற்றினேன். அப்படி ஊற்றினால் வெளியே சிந்துவதில்லை, பெர்ப்பெத்து சொல்லிக்கொடுத்தது. தடவித் தடவிப் பின்னால் போய் அவன் பக்கத்தில் நின்றேன்.

"டீ குடிக்கியாடே?" என்றேன்.

கஸ்பார் சட்டென்று இஞ்சினைக் குறைத்தான். தலையைத் தூக்கி இடதுபக்கம் பார்த்தான், வலதுபக்கம் பார்த்தான், கோபுரத்தைப் பார்த்தான். முன்னால் எமல்தா பாதி எழுந்துவிட்டாள். பெர்ப்பெத்து இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க தண்டல்? எங்க?"

"எங்கயும் இல்லடே" என்றேன். "டீதான்."

எமல்தாதான் முதலில் சிரித்தாள், அப்புறம் பெர்ப்பெத்து. என்ன விசேஷம் என்று மரைக்காயர் தன் படகிலிருந்து கேட்டார். எனக்குக் காது வரைக்கும் சுட்டது. வெயில் இல்லை.

கஸ்பார் டம்ளரை வாங்கி ஒரு மடக்குக் குடித்தான். இன்னொரு மடக்குக் குடித்தான். என் முகத்தைப் பார்த்தான், கடலைப் பார்த்தான், எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினான்.

"சொல்லுடே" என்றேன்.

"சீனி கூடிப்போச்சு தண்டல்" என்றான்.

இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் சொன்ன முதல் குறை. அடுத்த தடவை குறைத்துப் போடுகிறேன் என்றேன்.